பட்டமும் பாட்டும்

அரைக்காசு உத்தியோகமானாலும் அரசாங்க உத்தியோகம் என்ற பழமொழியைக் கேட்டு வளராத தமிழ்ப் பிள்ளை அநேகமாக இருக்கமாட்டான். பாடத் தெரிந்த பையனோ பெண்ணோ வீட்டில் இருந்துவிட்டால், அந்தப் பழமொழி நாளுக்கு இரண்டு தடவையாவது காதில் விழும். பாட்டே வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்வதில்லை. படிப்பை முடி, ஒரு வேலையில் அமர்ந்துகொள், பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் பாடு என்றுதான் சொல்வார்கள். அந்தப் பிறகு எப்பொழுது வரும் என்பதை மட்டும் எவரும் சொல்வதில்லை.

நான் மட்டாஞ்சேரியில் வளர்ந்தவன். என் தகப்பனார் திருநெல்வேலிச் சீமையை விட்டு இங்கு வந்து, பஜார் ரோட்டில் ஒரு மிளகுக் கிடங்கில் கணக்கெழுதிக் குடும்பத்தை நடத்துகிறவர். நான் பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. படிக்கிறேன். பள்ளி நாள் தொட்டு வாய்ப்பாட்டும் கற்று வருகிறேன். படிப்பு முடியப்போகும் இந்த ஆண்டில், பாட்டா வேலையா என்ற கேள்வி என் முன்னால் வந்து நிற்கிறது. நம் சங்கத்தில் மிருதங்கமும் வீணையும் பயிலும் நண்பர்கள் சிலர் முன்னாலும் அது நிற்கிறது என்பதை அறிவேன். ஆகவே இவ்விதழுக்கு வாழ்க்கை வரலாறு ஒன்று எழுதித் தரும்படி ஆசிரியர் குழு கேட்டபோது, விஞ்ஞானி ஒருவரை விடுத்து ஒரு பாடகரைத் தேர்ந்துகொண்டேன்.

எங்கள் ஊருக்கு இந்தக் கேள்வி புதிதன்று. கோட்டைக் கொச்சியில் 1926இல் பிறந்த மெஹ்பூப், கல்யாண வீடுகளிலும் நண்பர் கூட்டங்களிலும் பாடிப் பாடியே இந்த வட்டாரத்தின் செல்லப்பிள்ளை ஆனார். மலையாளப் படங்களிலும் பின்னணி பாடினார். மாதச் சம்பளத்தை நம்பி வாழ்ந்தவரல்லர் அவர். 1981இல் மறைந்தார். இன்றும் அவர் பாட்டை நினைத்து உருகும் பெரியவர்கள் எங்கள் தெருக்களில் உண்டு. ஆனால் தம் மகன் அந்த வழியில் போகிறேன் என்று சொன்னால், அதே பெரியவர்கள் முகம் மாறிவிடும். பாட்டை நேசிப்பது வேறு, பாடகனைப் பெற்று வளர்ப்பது வேறு போலும்.

இவ்விரண்டும் ஒரே வீட்டில், ஒரே தகப்பனாரின் நெஞ்சில் மோதிக்கொண்ட வரலாறு ஒன்று உண்டு. அதுதான் ஜி. என். பி. என்ற மூன்று எழுத்துக்களால் தமிழகம் அறிந்த ஜி. என். பாலசுப்பிரமணியத்தின் வரலாறு.

1910ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் தேதி, மாயவரத்தை அடுத்த கூடலூரில் அவர் பிறந்தார். தகப்பனார் ஜி. வி. நாராயணசுவாமி ஐயர், திருவல்லிக்கேணியில் பள்ளித் தலைமையாசிரியர். சென்னையின் மிகப் பழைய சபைகளுள் ஒன்றாகிய பார்த்தசாரதி சுவாமி சபையின் காரியதரிசியாகவும் இருந்தவர். சங்கீதத்தைத் தாமும் முறையாக அறிந்தவர். எனவே பெரிய வித்வான்களின் பாட்டும் பழக்கமும் அந்தக் குழந்தைக்கு நெருக்கத்திலேயே கிடைத்தன. மற்றவர்கள் டிக்கெட் வாங்கிக் கேட்டதை அவர் திண்ணையிலும் கூடத்திலும் கேட்டு வளர்ந்தார் என்றே சொல்லலாம்.

அக்காலத்தில் சங்கீதம் கற்பதற்கு ராஜபாட்டை குருகுலவாசம். ஆசிரியர் வீட்டில் ஆண்டுக்கணக்கில் தங்கி, பணிவிடை செய்து, அவர் பாடும்போது கேட்டுக் கற்கவேண்டும். அந்த வழியில் சென்றவனுக்குப் பள்ளிப்படிப்புப் பெரும்பாலும் பாதியில் நின்றுவிடும். பாலசுப்பிரமணியம் அந்த வழியில் செல்லவில்லை. அரியக்குடி ராமாநுஜ ஐயங்காரை மானசீக குருவாக வரித்துக்கொண்டு, அவருடைய கச்சேரிகளைக் காதால் பருகி, வீட்டில் வந்து சாதகம் செய்தார். பள்ளியும் பாட்டும் ஒன்றையொன்று இடறாமல் சேர்ந்தே நடந்தன. கேள்வி ஞானத்தை நம் முன்னோர் ஏன் அவ்வளவு உயர்த்திப் பேசினார்கள் என்பதற்கு அவருடைய இளமைக்காலம் ஒரு சான்று.

மகன் வளர்ந்ததும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்தார். ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. ஆனர்ஸ் வகுப்பு. இன்று தாம்பரத்தில் உள்ள அந்தக் கல்லூரி அப்பொழுது ஜார்ஜ் டவுனில், ஹைக்கோர்ட்டுக்கு எதிரே இருந்தது. வகுப்பை விட்டு வெளியே வந்தால் எதிரே தெரிவது வக்கீல்களின் உலகம். அந்த உலகத்தில் தம் மகனும் ஒருவனாக வேண்டும் என்பதே நாராயணசுவாமி ஐயரின் விருப்பம்.

இந்தத் தகப்பனாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் பாட்டை வெறுத்தவரல்லர். சபைக் காரியதரிசி என்ற முறையில், ஒரு வித்வானுக்கு எவ்வளவு கொடுக்கப்படுகிறது, எந்த மாதத்தில் கச்சேரி கிடைக்கும், எந்த மாதத்தில் கிடைக்காது, தொண்டை கெட்டுப்போனால் குடும்பம் என்ன ஆகும் என்பவற்றையெல்லாம் அருகில் இருந்து காணக்கூடியவர். சங்கீதத்தின் இனிமை தெரிந்ததோடு, அந்தத் தொழிலின் வரவு செலவும் தெரிந்தவரின் அச்சம் அது. அறியாமையால் வரும் அச்சத்தைப் பேசிப் போக்கிவிடலாம். அறிந்தவரின் அச்சத்தை அப்படிப் போக்க முடியாது.

பின் எப்படிப் போயிற்று?

1928ஆம் ஆண்டு மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் வசந்தோற்சவத்தில் முசிரி சுப்பிரமணிய ஐயர் பாடவேண்டியிருந்தது. அவர் வர இயலாமற்போகவே, பதினெட்டு வயது மாணவரான பாலசுப்பிரமணியத்தை மேடையேற்றினார்கள். முசிரியின் பாட்டைக் கேட்க வந்த கூட்டத்தின் முன் முதற்கச்சேரி செய்வது எளிய காரியமா? ஆனால் அந்த மேடை அவரை ஏற்றுக்கொண்டது. அவருடைய கச்சேரி வாழ்வு அன்று தொடங்கியது.

மேடையில் கிடைத்த ஒரு வெற்றி மட்டும் தகப்பனாரின் மனத்தை மாற்றிவிடவில்லை. இளம் பையன் நன்றாகப் பாடினால் கூட்டம் கைதட்டத்தான் செய்யும். அக்கைதட்டலை நம்பி வாழ்க்கையை ஒப்படைக்கலாமா? இங்கேதான் கரூர் சின்னசாமி ஐயர் என்ற புகழ்பெற்ற பிடில் வித்வான் வருகிறார். பையனின் ஞானத்தை அறிந்த அவர், அவனைச் சங்கீதத்திலேயே விடும்படி தகப்பனாரிடம் எடுத்துச் சொன்னார். நாராயணசுவாமி ஐயர் இசைந்தார். மதராஸ் மாகாணம் ஒரு வக்கீலை இழந்தது.

இந்த வரலாற்றில் என் மனத்தைப் பிடித்துக்கொண்ட இடம் இதுவே. மகனுடைய ஆசை வழக்கைத் தீர்க்கவில்லை. தகப்பனாருடைய அச்சமும் தீர்க்கவில்லை. அந்த வீட்டில் லாபமோ நஷ்டமோ இல்லாத, ஆனால் விஷயம் தெரிந்த மூன்றாவது ஒருவரின் காது தீர்த்தது. நம்மில் பலர் இந்த வழக்கை இரண்டு பேர் வழக்காகவே நடத்துகிறோம். பிள்ளை தன் ஆசையைச் சொல்கிறான், தகப்பனார் தம் கவலையைச் சொல்கிறார், இருவரும் உரக்கப் பேசிக் களைத்துப்போகிறார்கள். பிள்ளைக்கு உண்மையில் எவ்வளவு ஞானம் இருக்கிறது என்ற மூலக் கேள்வியை எவரும் அறிந்தவரிடம் கொண்டுபோவதில்லை.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. அனுமதி கிடைத்துவிட்டது என்று பாலசுப்பிரமணியம் புத்தகங்களைத் தூக்கி எறியவில்லை. ஆனர்ஸ் படிப்பை முடித்துப் பட்டம் பெற்றார். அதன் பிறகு சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சிறிது காலம் சங்கீதம் படித்து, உடல்நலக் குறைவால் அதை விட்டார். பின்னர் டைகர் வரதாச்சாரியார் தலைமையில் இருந்த சென்னைப் பல்கலைக்கழகச் சங்கீத வகுப்பில் சேர்ந்து டிப்ளமா பெற்றார். மேடையேறிப் பெயர் வாங்கத் தொடங்கிய ஒருவர் மறுபடியும் மாணவராய் உட்காருவது நமக்கெல்லாம் ஒரு பாடம். ஆங்கில இலக்கியத்தில் அவருக்கிருந்த ஈடுபாடு வாழ்நாள் முழுவதும் குறையவில்லை.

காலமும் அவருக்குத் துணை நின்றது என்பதை மறைக்கக்கூடாது. 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் பட்டதாரிகளின் பிழைப்பை எல்லா நாடுகளிலும் ஆட்டம் காணச் செய்தது. நிலையானது என்று பெயர் பெற்ற வேலைகளே நிலையிழந்து நின்ற காலம் அது. அதே சமயத்தில் பாட்டுக்குப் புதிய வாசல்கள் திறந்தன. 1928இல் சென்னையில் மியூசிக் அகாடமி தோன்றியது. கிராமபோன் தட்டுகள் ஊர் ஊராகச் சென்றன. 1931இல் தமிழ்ப் படம் பேசத் தொடங்கியது. 1938இல் சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் ஏற்பட்டது. ஒலிபெருக்கி வந்து, பத்தாயிரம் பேருக்கு எட்டும்படி கத்தவேண்டிய அவசியத்தையும் போக்கியது. நாராயணசுவாமி ஐயர் அறிந்த சங்கீதத் தொழில் ஒன்று, மகன் நுழைந்த தொழில் மற்றொன்று.

அந்த வாசல்கள் அனைத்திலும் ஜி. என். பி. நுழைந்தார். பாமா விஜயம் 1934இல் வந்தது, சதி அனசூயா 1937இல் வந்தது. 1940இல் வெளிவந்த சகுந்தலையில் எம். எஸ். சுப்புலட்சுமி சகுந்தலையாகவும் அவர் துஷ்யந்தனாகவும் நடித்தார்கள். ஆயினும் சினிமா அவரை விழுங்கிவிடவில்லை. கச்சேரி மேடையே அவருடைய வீடாக இருந்தது.

அவருடைய பாட்டைப் பற்றி ஒரு விஞ்ஞான மாணவன் என்ன சொல்ல முடியும்? வேகமும் துல்லியமும் ஒன்றாய்ச் சேர்ந்த பிருகாக்கள் அவருடைய சிறப்பு. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாதஸ்வரத்தில் அவர் கொண்டிருந்த பக்தி அந்தக் குரலில் நன்றாகத் தெரியும். பழமையில் ஊறியவர்கள் சிலர் இவ்வளவு வேகம் தகுமா என்று முகம் சுளித்தார்கள். இளைஞர்களோ அவரைத் தெய்வமாகக் கொண்டாடினார்கள்.

ஆலாபனையில் கிரக பேதம் செய்வதும் அவருக்குப் பிரியமானது. அதைச் சங்கீதம் தெரியாத நண்பர்களுக்காகச் சிறிது விளக்குகிறேன். மோகன ராகத்துக்கு ஐந்து சுரங்கள். அந்த ஐந்தையும் மாற்றாமல் வைத்துக்கொண்டு, ரிஷபத்தை ஷட்ஜமாக பாவித்தால் மத்யமாவதி தோன்றும். காந்தாரத்தை ஷட்ஜமாக்கினால் ஹிந்தோளம். பஞ்சமத்தை ஆக்கினால் சுத்த சாவேரி. தைவதத்தை ஆக்கினால் சுத்த தன்யாசி. சுரங்கள் அவையேதான், ஆதாரம் மட்டும் இடம் மாறுகிறது. கச்சேரியில் இதைச் செய்யலாமா என்ற விவாதமும் அவரைச் சுற்றி எழுந்தது.

எனக்கு இது வாழ்க்கைக்கும் பொருந்தும் என்று தோன்றுகிறது. வேலையும் பாட்டும் பலருடைய வாழ்விலும் இருக்கும் சுரங்கள்தாம். எதை ஆதாரமாக வைக்கிறோம் என்பதில்தான் ராகம் வேறுபடுகிறது. ஜி. என். பி. பாட்டை ஆதாரமாக வைத்தார். வேலையை ஆதாரமாக வைத்தவர்களிலும் பெரியோர் உண்டு. அவருடைய கல்லூரிக்கு எதிரே இருந்த அதே ஹைக்கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக உத்தியோகம் பார்த்தவர் கோடீசுவர ஐயர். 1870இல் பிறந்து 1938இல் மறைந்த அவர், எழுபத்திரண்டு மேளகர்த்தா ராகங்களிலும் தமிழில் கீர்த்தனைகள் இயற்றிக் கந்த கானாமுதம் என்ற பெயரில் வெளியிட்டார். மாதச் சம்பளம் அந்தச் சாதனைக்குக் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் மேடைப் புகழ் அவருக்கு இல்லை. எஸ். ராஜம் போன்றவர்கள் பின்னாளில் பாடிப் பரப்பிய பிறகே அந்தக் கீர்த்தனைகள் பலர் காதை எட்டின. இரண்டு வழிக்கும் விலை உண்டு. எந்த விலையைக் கொடுக்க நம்மால் முடியும் என்று முதலிலேயே கணக்குப் பார்த்துக்கொள்வது நல்லது.

சின்னசாமி ஐயரிடம் பட்ட கடனை ஜி. என். பி. எப்படித் தீர்த்தார் என்பது இனிச் சொல்லவேண்டியது. எம். எல். வசந்தகுமாரி சங்கீதக் குடும்பத்தில் பிறந்தவர். தாயார் லலிதாங்கி பெயர் பெற்ற பாடகி, தகப்பனார் கூத்தனூர் ஐயாசாமி ஐயரும் வித்வான். ஆயினும் பெண்ணை டாக்டருக்குப் படிக்கவைக்க வேண்டும் என்பதே பெற்றோரின் எண்ணம். சங்கீதத் தொழிலின் மேடு பள்ளங்களைத் தாமே நடந்து பார்த்தவர்களல்லவா? அந்தச் சிறுமியின் பாட்டைக் கேட்ட ஜி. என். பி., அவளைத் தம்மிடம் சிஷ்யையாக விடும்படி கேட்டார். பெற்றோர் இசைந்தனர். 1977இல் வசந்தகுமாரி சங்கீத கலாநிதி விருது பெற்றார். தமக்கு ஒரு காலத்தில் கிடைத்த மூன்றாவது காதை, அவர் மற்றொரு வீட்டுக்குக் கொடுத்தார். திருச்சூர் வி. ராமச்சந்திரன், தஞ்சாவூர் எஸ். கல்யாணராமன், ராதா ஜெயலட்சுமி என்று அவருடைய சிஷ்ய பரம்பரை விரிந்தது.

இனி வருவதுதான் வேடிக்கை. வக்கீல் தொழிலை விட்டுப் பாட்டுக்கு வந்தவர், பின்னாளில் மாதச் சம்பளக்காரராகவும் ஆனார். அகில இந்திய வானொலியில் கர்நாடக சங்கீதத்துக்கு உதவித் தலைமைத் தயாரிப்பாளராகப் பணியாற்றினார். 1958இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி ஆனார். 1964இல் திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் சங்கீதக் கல்லூரியின் பிரின்சிபாலாக நம் கேரள நாட்டுக்கே வந்து சேர்ந்தார். அதற்கு முன் அந்த நாற்காலியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் அமர்ந்திருந்தவர் செம்மங்குடி சீனிவாச ஐயர். அன்று மயிலாப்பூருக்கு வர இயலாமற்போன முசிரியோ, 1949இல் சென்னையில் ஏற்பட்ட கர்நாடக சங்கீதக் கல்லூரிக்குப் பிரின்சிபால் ஆனார். பாட்டை மட்டுமே நம்பி வந்த மூன்று மேதைகளும் கடைசியில் கையெழுத்திட்டுச் சம்பளம் வாங்கினார்கள். இதில் இழிவு ஒன்றும் இல்லை. பாட்டு ஒரு பக்கம், உத்தியோகம் மறுபக்கம் என்று நாம் நடுவில் எழுப்பும் சுவர், அருகில் போய்ப் பார்த்தால் அவ்வளவு உயரமில்லை என்பதே இதன் பொருள்.

திருவனந்தபுர வாசம் நீண்ட நாள் நிலைக்கவில்லை. 1965ஆம் ஆண்டு மே 1ஆம் தேதி, ஐம்பத்தைந்தாம் வயதில் ஜி. என். பி. மறைந்தார். ஏறக்குறைய இருநூற்றைம்பது கீர்த்தனைகளும், சிவசக்தி, அமிர்தபெஹாக் போன்ற புதிய ராகங்களும், ஒலிப்பதிவுகளும் எஞ்சின. இன்று கைப்பேசி வைத்திருக்கும் எவரும் அந்தக் குரலைக் கேட்கலாம். இரவு படகுத்துறைப் பக்கம் நடந்துபோகும்போது நான் அதைத்தான் கேட்கிறேன்.

அவருடைய வாழ்க்கையைப் படித்துவிட்டு, நாமும் அப்படியே குதித்துவிடலாம் என்று எண்ணுவது சரியாகாது. அவர் வீட்டுக்குள்ளேயே ஒரு சபை இருந்தது. சின்னசாமி ஐயரைத் தேடி அவர் அலையவேண்டியிருக்கவில்லை. மிளகுக் கிடங்குக் கணக்கரின் வீட்டுக்கு எந்தப் பிடில் வித்வான் தாமாக வந்து கதவைத் தட்டப்போகிறார்? ஊரை விட்டு வந்து பிழைக்கும் குடும்பங்களில், ஒரு பிள்ளையின் சம்பளத்தை நம்பித் தங்கையின் படிப்பும் தாயாரின் மருந்தும் காத்திருக்கின்றன. பாட்டுக்காக எல்லாவற்றையும் துறந்துவிடு என்று அந்தப் பிள்ளையிடம் சொல்வது, பிறர் செலவில் வீரம் பேசுவதாகும்.

ஆனால் அந்தக் காரணத்தைக் கொண்டு கேள்வியையே மூடிவிடுவதும் நியாயமன்று. ஜி. என். பி.யின் வீடு நமக்கு இல்லாமற்போனாலும், அவர் நடந்த முறை நமக்கும் கைவசப்படும். படிப்பை முடிப்பது, முடிக்கும்போதே சாதகத்தை விடாதிருப்பது, மேடை கிடைத்தால் ஏறிப் பார்ப்பது, கைதட்டலை ஒதுக்கிவிட்டு அறிந்தவர் ஒருவரின் தீர்ப்பைக் கேட்பது என்ற இந்த நான்கும் காசு கேட்பவை அல்ல. கடைசியாகச் சொன்னது மட்டும் நெஞ்சுரம் கேட்கும். ஏனெனில் அந்தத் தீர்ப்பு நமக்கு எதிராகவும் வரலாம்.

என் வரையில் செய்துகொண்ட ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். பரீட்சை முடிந்ததும் வேலைக்கு மனுப் போடுவேன். விடியற்காலை இரண்டு மணி நேரத்தைச் சாதகத்துக்கு ஒதுக்கிவிட்டேன், வேலை கிடைத்தாலும் அதை விட்டுத்தரப் போவதில்லை. என் ஆசிரியரல்லாத, என் குடும்பத்தைத் தெரியாத ஒரு வித்வானிடம் இவ்வாண்டுக்குள் பாடிக்காட்டுவது என்றும், அவர் சொல்வதை என் தகப்பனாரையும் அருகில் வைத்துக்கொண்டே கேட்பது என்றும் தகப்பனாரும் நானும் பேசி முடித்திருக்கிறோம். தகப்பனார் இதற்கு உடனே சம்மதித்தது எனக்கே வியப்பு. அவருக்கும் அந்த மூன்றாவது காது வேண்டியிருந்தது போலும்.

சங்கத்து நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டு விழாவில் பாட்டுப் போட்டி வைக்கிறோம், கோப்பை கொடுக்கிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம். அதனோடு, ஆண்டுக்கு ஒரு நாள் விஷயம் தெரிந்த வித்வான் ஒருவரை வரவழைத்து, விருப்பமுள்ள மாணவர்களைத் தனித்தனியே பாடவும் வாசிக்கவும் சொல்லி, அவருடைய ஒளிவு மறைவற்ற கருத்தை அந்த மாணவர்களுக்கு மட்டும் சொல்லச் செய்தால் என்ன? பரிசு வேண்டாம், கூட்டம் வேண்டாம், ஒரு தம்பூராவும் ஒரு மூடிய அறையும் போதும். கடல் கடந்தும் மலை கடந்தும் வந்து படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு, வீட்டில் கிடைக்காத ஒரு சின்னசாமி ஐயரை நம் சங்கம் தேடிக் கொடுத்ததாகும்.